நொடிக்கு ஒரு சொட்டு

முருட்டிக்கு ஒரு நோயும் இல்லாத காலத்தில்தான் வீரையன் அவளுக்கு டாக்டர் தேடினார். அப்போது அவள் ஐந்து மாதக் குட்டி. வைக்கோல் போரில் ஏறிச் சறுக்குவதும் கோழிகளைத் துரத்துவதுமாகப் பகல் முழுவதும் ஓடிக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மனிதர் சைக்கிளை எடுத்து, இதற்கு உடம்புக்கு வந்தால் யாரிடம் போவது என்று விசாரிக்கக் கிளம்பினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீரையன் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்தில் மதகு இருக்கும். மதகில் இரும்புப் பலகை இருக்கும். அதை ஷட்டர் என்பார்கள். அந்த ஷட்டரை எத்தனை அங்குலம் தூக்குவது, எப்போது இறக்குவது என்று மேலிருந்து வரும் உத்தரவை நிறைவேற்றுகிறவர்தான் லஸ்கர். திருவையாற்றுக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றிலிருந்து பிரியும் எங்கள் வாய்க்காலின் தலைமதகில் அவர் முப்பத்துநாலு வருஷம் அந்த வேலையைப் பார்த்தார். ஓடுகிற தண்ணீரைக் கரையில் நின்று பார்த்தே, நேற்றைவிட இன்றைக்கு அரை அங்குலம் குறைவு என்பார். சுவரில் எழுதியிருக்கும் அளவைக் குனிந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அடுத்த வீட்டுக்காரன் என்ற முறையில் நான் பல தடவை குனிந்து பார்த்திருக்கிறேன். அவர் தவறியதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது.

ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது மதகடியில் யாரோ விட்டுப்போன குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். பெண் குட்டி. பெட்டை என்றால் வளர்க்க ஆள் கிடைக்காது, அதனால்தான் விட்டுப் போயிருந்தார்கள். வந்த அன்றே அது அடுப்படியில் இருந்த காலிக் குடத்தை உருட்டிவிட்டது. அவர் மனைவி மங்களாம்பிகை, வெளியில் ஓடுகிற குடமுருட்டி போதாதென்று வீட்டுக்குள் வேறு ஒன்றா என்று திட்டினார். அதுவே பெயராகி, கூப்பிடச் சுருங்கி, முருட்டி ஆயிற்று.

டாக்டர் தேடியதைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் மாட்டாஸ்பத்திரிக்குக் குறைவில்லை. ஆனால் அது மாட்டுக்கு, ஆட்டுக்கு, மிஞ்சினால் கோழிக்கு. நாய் என்றால் வெறிநோய்த் தடுப்பூசியோடு சரி. நாய்க்கு வயிற்று வலி, நாய்க்கு வயோதிகம் என்று யாரும் அங்கே போய் நின்றதில்லை. வீரையன் ஒரு மாதத்தில் நாலு பேரைப் போய்ப் பார்த்தார். நாய் கூடப் போகவில்லை. நாலு பேரிடமும் ஒரே கேள்வி: உங்களால் ஆகாதது வந்தால் எங்கே அனுப்புவீர்கள்?

முதலில் பார்த்தவர் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய் ஊசி போடுகிறவர். தன்னால் ஆகாத நோய் இன்னும் பிறக்கவில்லை என்று சொல்லிவிட்டார். தஞ்சாவூரில் கண்ணாடிக் கதவு போட்ட இடம் ஒன்று. எல்லாமே இங்கேயே பார்க்கலாம் என்று கட்டண அட்டையை நீட்டினார்கள். மூன்றாமவர் நல்ல மனிதர், அரசாங்க டாக்டர். அவருக்கு அடுத்த மாதமே மாற்றல் உத்தரவு வந்திருந்தது. நாலாவதாக, திருவையாற்றில் உரக்கடைக்குப் பின்னால் இரண்டு அறைகளில் புதிதாகத் தொழில் தொடங்கியிருந்த டாக்டர் ஹமீதா பானு. முப்பது வயதுகூட இருக்காது. கேள்வியைக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதவே ஆரம்பித்துவிட்டாராம். வயிற்றைத் திறந்து செய்கிற அறுவை இங்கே செய்ய வசதியில்லை, அதற்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி. அங்கே டாக்டர் பரணிதரன் தன் சீனியர். எலும்பு முறிந்தாலும் அங்கேதான். கண் கோளாறு என்றால் இன்னும் தூரம் போக வேண்டும். முகவரிகள், தொலைபேசி எண்கள், போக வேண்டிய நேரம். ஒரு பக்கம் நிரம்பிவிட்டது.

வீரையன் அந்தத் தாளை என்னிடம் காட்டினார். இவ்வளவு தெரியாது என்கிற டாக்டரிடமா போகப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"வாய்க்கால் வெட்ட யாருக்கும் தெரியும் சார். வடிகால் எங்க போவுதுன்னு பாத்து வெட்டியிருக்கானான்னுதான் நான் பாப்பேன்" என்றார்.

அன்றைக்கு அது எனக்கு ஒரு கிழவரின் சாமர்த்தியப் பேச்சாகத்தான் பட்டது.

செலவு விஷயத்திலும் அப்படித்தான். ஒரு நாயின் ஆயுளில் எப்போது அதிகம் செலவாகும் என்று ஹமீதா பானுவிடம் கேட்டிருக்கிறார். முதல் வருஷம் ஊசிகளுக்குக் கொஞ்சம், பிறகு நடுவில் ஒன்றும் பெரிதாக இல்லை, கடைசி இரண்டு மூன்று வருஷங்களில்தான் மொத்தமும் என்று பதில் வந்தது. லஸ்கருக்கு இது தெரிந்த சங்கதி. தண்ணீர் தாராளமாக ஓடும்போது தலைமடைக்காரன் கடைமடையை நினைப்பதில்லை. வாய்க்காலின் கடைசி வயல் காய்ந்த பிறகு நினைத்துப் பயனும் இல்லை. மறுநாளே தபால் ஆபீஸில் மாதம் இருநூறு ரூபாய்க்கு ஒரு கணக்குத் தொடங்கினார். ஐந்து வருஷம் முடிந்ததும் எடுக்காமல் மறுபடியும் போட்டார். ஆட்டோ ஓட்டும் குணசேகரனிடம், நாயை ஏற்ற வேண்டி வந்தால் மறுக்கக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார். அதற்காகப் பங்குனியில் உளுந்து எடுத்ததும் இரண்டு படி அவன் வீட்டுக்குப் போய்விடும். எட்டு வருஷம் அவன் ஒரு தடவைகூட நாயை ஏற்றாமல் உளுந்து வாங்கினான்.

மங்களாம்பிகைக்கு இதெல்லாம் பேச நல்ல விஷயமாக இருந்தது.

"எனக்கு மூட்டு வலின்னு மூணு வருஷமா சொல்றேன். ஒரு டாக்டரையும் தேடிக்கிட்டு சைக்கிள்ல போவல இந்த மனுசன்" என்று எங்கள் வீட்டு வாசலில் நின்று அவர் காதில் விழும்படி சொல்வார்.

உள்ளேயிருந்து பதில் வரும்: "ஒனக்கு வாய் இருக்கு, மங்களம். நீயே சொல்லிடுவ."

எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்தவர் ஒன்றைத் தள்ளிப்போட்டார். குட்டி போடாமலிருக்க அறுவை செய்துவிடுங்கள், பெட்டைக்கு வயதானபின் கர்ப்பப்பையில் கோளாறு வரும் என்று ஹமீதா பானு ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். ஒரு ஈத்தாவது போடட்டுமே என்றார் மங்களாம்பிகை. போட்டது. பிறகு அறுவடை, பிறகு மழை, பிறகு மகன் கல்யாணம் என்று அது போய்க்கொண்டே இருந்தது.

முருட்டிக்கு ஒன்பது வயதான வருஷம், ஐப்பசி மாதம். நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை பிடித்திருந்தது. அவள் தண்ணீர் குடிப்பது கூடியிருப்பதை வீரையன்தான் கவனித்தார். வேறு யாரும் கவனித்திருக்க முடியாது. கிணற்றடியில் ஒரு அலுமினிய குண்டானில் அவளுக்குத் தண்ணீர் வைப்பார்கள். நாளுக்கு ஒன்றரைச் சொம்பு குடிப்பவள் இரண்டரை குடித்தாள். இரண்டு நாள் கழித்து நாலு. வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போனாள். மங்களாம்பிகை துடைத்துக்கொண்டே சத்தம் போட்டார்.

இந்த இடத்தில்தான் வீரையன் தவறினார். முப்பத்துநாலு வருஷ வேலையில் அவருக்கு ஒரு விதி ஊறியிருந்தது. ஒரு வாய்க்கால் திடீரென்று வழக்கத்தைவிட அதிகமாக இழுத்தால் எங்கேயோ கரை உடைந்திருக்கிறது என்று பொருள். முதலில் ஷட்டரை இறக்கு, பிறகு உடைப்பைத் தேடு. இறக்காமல் தேடினால் உடைப்பு பெரிதாகும், பயிர் மூழ்கும். அந்த விதியால் அவர் காப்பாற்றிய வயல்கள் எங்கள் ஊரில் எத்தனையோ. செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து அவர் முருட்டிக்கு நாளுக்கு ஒரு சொம்புக்கு மேல் தண்ணீர் வைக்கவில்லை.

குண்டானைக் காலி செய்துவிட்டு அவள் அதை நக்கிக்கொண்டிருந்ததை நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு தடவை மஞ்சளாக வாந்தி எடுத்தாள். வாலடியில் சீழ் போல ஏதோ கசிந்திருந்தது. வீரையன் என்னைக் கூப்பிட்டார். மங்களாம்பிகையால் முழங்காலோடு ஆட்டோவில் ஏறி இறங்க முடியாது, ஒரு ஆள் கூட வேண்டும். குணசேகரன் பத்து நிமிஷத்தில் வந்து நின்றான்.

"ஏறுங்க மாமா. எட்டு வருஷ உளுந்து வயித்துல கனக்குது" என்றான். வீரையன் மடியில் நாயைப் பார்த்ததும் வண்டியைக் கிளப்பினான்.

ஹமீதா பானு அவளை மேசையில் கிடத்தி ஈறை அழுத்திப் பார்த்தார். கழுத்துத் தோலைத் தூக்கி விட்டார். அது மெதுவாகத்தான் இறங்கியது. கடைசியாக எப்போது சூட்டுக்கு வந்தாள் என்று கேட்டார். ஆறு வாரம் ஆகிறது என்றார் வீரையன். பிறகு, அவர் கேட்பதற்கு முன்பே, தண்ணீர்க் கணக்கைச் சொன்னார். எந்தக் கிழமை எத்தனை சொம்பு. ஒரு சொம்புக்கு எவ்வளவு பிடிக்கும் என்று டாக்டர் கேட்டதற்கு எண்ணூறு மில்லி, அளந்து பார்த்திருக்கிறேன் என்றார். ஹமீதா பானு எழுதிக்கொண்டே வந்தவர் கையை நிறுத்தினார்.

"செவ்வாயும் புதனும் ஒரே ஒரு சொம்பா? குடிக்கறதை அவளே நிறுத்திட்டாளா?"

"இல்லங்கம்மா. நான்தான் கொறச்சேன்."

"ஏன்?"

அவர் மதகு விதியைச் சொன்னார். நியாயப்படுத்துகிற குரல் இல்லை. ஒரு நாள் அளவை இன்னொரு நாள் அளவோடு சேர்த்துச் சொல்வது போலச் சொன்னார். ஹமீதா பானு கோபத்தை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

"இது வாய்க்கால் இல்லங்க ஐயா. கர்ப்பப்பையில சீழ் கட்டியிருக்கு. அந்த விஷத்தால கிட்னி தண்ணிய நிறுத்தி வைக்க முடியாம வெளிய விட்டுடுது. அதை ஈடுகட்டத்தான் அவ குடிச்சா. அதுதான் அவளை நிக்க வச்சிருந்தது. அதை நீங்க எடுத்துட்டீங்க."

ஒரு இடத்தில் உண்மையாக இருக்கும் விதி இன்னொரு இடத்தில் பொய்யாகிவிடும் என்பதை நான் எத்தனையோ பக்கங்களில் படித்து, கோடு போட்டும் வைத்திருக்கிறேன். அது ஒரு அலுமினிய குண்டானில் நடக்கும்போது சுவருக்கு மேலாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டேன்.

அறுவை செய்தே ஆக வேண்டும், இன்றைக்கே, ஒரத்தநாட்டில் என்றார் ஹமீதா பானு. முன்காலில் ஊசி ஏற்றி டிரிப் போட்டார். அரை லிட்டர் பாட்டில். வழியிலேயே உடம்பில் நீர் ஏற வேண்டும், இல்லாவிட்டால் மயக்க மருந்தைத் தாங்க மாட்டாள். ஆனால் வேகமாக ஏறினால் அந்தக் கிட்னியும் இதயமும் திணறும். நொடிக்கு ஒரு சொட்டு. குழாயில் இருக்கிற சின்னச் சக்கரத்தைத் திருகினால் கூடும், குறையும். ஆட்டோ குலுங்கினால் மாறிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லிவிட்டுப் பரணிதரனுக்குப் போன் செய்தார்.

திருவையாற்றிலிருந்து ஒரத்தநாடு முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். நடுவில் தஞ்சாவூர் முழுவதையும் கடக்க வேண்டும். குணசேகரன் முன்னால். பின்னால் வீரையன் மடியில் முருட்டி. நான் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ஆட்டோ கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் நான் எழுத வந்தேன். மற்றதெல்லாம் அதற்கு வழி.

வீரையன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் குணசேகரன் இருக்கையின் பின்கம்பியில் கண்ணுக்கு நேராக மாட்டினார். வலது கைக் கட்டைவிரல் சக்கரத்தின் மேல். இடது கை நாயின் விலாவில். ஆறுகளின் மேல் பாலங்கள் வரும்போதெல்லாம் ஆட்டோ ஏறி இறங்கும், என் கை தாழும், சொட்டு தயங்கும். உடனே கட்டைவிரல் ஒரு மயிரிழை நகரும். கை உயர்ந்தால் சொட்டு முந்தும், கட்டைவிரல் திரும்பும். சொட்டு விழும் சிறு கண்ணாடிக்குழலை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாச் சொட்டும் ஒன்று போலத்தான் தெரிந்தன. அவருக்கு இரண்டு சொட்டுக்கு நடுவில் நடப்பது தெரிந்தது.

"கைய கொஞ்சம் ஒசத்துங்க சார்" என்பார். சிறிது நேரம் கழித்து, "போதும்" என்பார். வேறு பேச்சில்லை.

தஞ்சாவூரில் நெரிசலில் நின்றோம். பக்கத்தில் ஒரு பஸ், அதன் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்த ஒருவர் நாய்க்கு டிரிப்பா என்று கேட்டுச் சிரித்தார். குணசேகரன் திரும்பி அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வீரையன், நீ முன்னால பாரு என்றார். அவர் கண் நகரவில்லை. ஒரு தடவைதான் அவர் நடுங்கினார். ஒரத்தநாட்டு ரோட்டில் இரண்டு பக்கமும் வயல் வந்தபின், முருட்டியின் மூச்சு நீண்டு நின்று, பிறகு வந்தது. அப்போது அவர் இடது கை விலாவில் இறுகியது. வலது கைக் கட்டைவிரல் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒரு மனிதன் தான் செய்த தவறைத் தெரிந்துகொண்ட பின் என்ன செய்வான் என்று கேட்டால் என்னிடம் பல பதில்கள் உண்டு. அழுவான், மறைப்பான், காரணம் தேடுவான், தன்னைத் தண்டித்துக்கொள்வான். எந்த அறிவு அவனைத் தவறச் செய்ததோ அதையே எடுத்து, உதறித் துடைத்து, சரியான இடத்தில் வைப்பான் என்று நான் நினைத்ததில்லை. நான் யாரையும் எளிதில் மெச்சுகிறவன் அல்ல. மெச்சும்போது ஏதோ ஒன்றைச் சரியாகப் பார்க்காமல் விடுகிறோம் என்ற சந்தேகம் எப்போதும் எனக்கு உண்டு. அன்று மிக அருகில் இருந்தேன். முழங்கால் முழங்காலோடு இடிக்கும் தூரம். பார்க்காமல் விட இடமே இல்லை. கை வலித்தது, கழுத்து வலித்தது, பாட்டிலைக் கீழே விட்டுவிடக் கூடாது என்ற ஒரு எண்ணத்தைத் தவிர எனக்கு வேறு எண்ணம் வரவில்லை. எதிரில் எழுபது வயதை நெருங்கும் ஒருவர் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சொட்டுகளை ஒவ்வொன்றாக நாயின் உடம்புக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

கல்லூரி மருத்துவமனையில் பரணிதரன் வாசலிலேயே நின்றிருந்தார். கூட நாலைந்து மாணவிகள். அவர் பாட்டிலை வாங்கி எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார், எப்போது தொடங்கியது என்று கேட்டார், மனதுக்குள் வகுத்துப் பார்த்தார். பிறகு யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டார். நான் கையைக் காட்டினேன்.

ஒரு மாணவி வீரையனிடம், "நீங்க கம்பவுண்டரா இருந்தீங்களா தாத்தா?" என்றாள்.

"இல்லம்மா. லஸ்கர்."

அவளுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. தண்ணி தொறந்து விடற வேலை என்றார் வீரையன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் கையில் நோயாளிக் குறிப்பெழுதும் தாள் இருந்ததைப் பார்த்து, எழுதிக்கச் சொல்லி, செவ்வாய் காலை ஆறு மணியிலிருந்து இன்று காலை ஆறு மணி வரை தண்ணீர் குறைந்ததையும், குறைத்தது தான்தான் என்பதையும் மறுபடியும் சொன்னார். அந்தப் பெண் பேனாவை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். எழுதும்மா என்றார்.

ரத்தப் பரிசோதனை வந்தது. பரணிதரன் ஒளிக்காமல் சொன்னார். கிட்னி வெளியேற்றாத கழிவின் அளவு ரத்தத்தில் ஏறியிருக்கிறது, வயதும் ஆகிறது, மேசையிலேயே போய்விடலாம். செய்யாவிட்டால் இரண்டு நாள். அறுவைக்கு இங்கே பெரிய கட்டணம் கிடையாது. ஆனால் மருந்து, பரிசோதனை, அதன்பின் நாலைந்து நாள் டிரிப், போக வர வண்டி, அது ஆகும். சிலர் இந்த இடத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவதாகச் சொல்வார்கள், அதில் தப்பில்லை என்றும் சொன்னார்.

"அவ பணம் இருக்குங்க" என்றார் வீரையன்.

பரணிதரனுக்குப் புரியவில்லை. வீட்டம்மா பணமா என்று கேட்டார். இல்லை, இவ பணம், ஒன்பது வருஷமா இவளுக்குன்னு போட்டது என்று வீரையன் மேசையில் கிடந்தவளைக் காட்டினார். நானும் அவர் மனைவியும் ஊரும் சிரித்த அந்தப் பணம் அவரிடம் கேள்வியே எழாமல் செய்துவிட்டதை அப்போது பார்த்தேன். காப்பாற்றலாமா வேண்டாமா என்று அந்த நிமிஷத்தில் யோசிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அதை அவள் கோழி துரத்திக்கொண்டிருந்த நாளிலேயே யோசித்து முடித்துவிட்டார்.

கையெழுத்துப் போட்டார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. குணசேகரன் டீ வாங்கி வந்தான், யாரும் குடிக்கவில்லை. பரணிதரன் வெளியே வந்து, எடுத்ததை ஒரு தட்டில் காட்டினார். புடைத்த சுரைக்காய் போல இருந்தது. ஒரு கிலோவுக்கு மேல் என்றார். அவள் மூச்சு விடுகிறாள், ஆனால் நாலு நாளுக்கு ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றார். அந்த நாலு நாளும் வீரையன் ஊருக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் முருட்டி எழுந்து நின்று, இரண்டு அடி வைத்து, அங்கே பரிசோதனைக்கு வந்திருந்த ஒரு வாத்தைப் பார்த்துக் குரைத்தாள் என்று குணசேகரன் வந்து சொன்னான். மங்களாம்பிகை உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தார். சிறிது நேரம் கழித்துத்தான் அவர் வெளியே வந்தார்.

மூன்று வாரம் கழித்து ஹமீதா பானுவிடம் மறுபரிசோதனை. நானும் போனேன், இந்தத் தடவை பாட்டில் இல்லை. தையல் ஆறியிருந்தது. ஆனால் ரத்தத்தில் கழிவின் அளவு முழுக்க இறங்கவில்லை. இனி இறங்காது என்றார் ஹமீதா பானு. கிட்னியில் ஒரு பகுதி போய்விட்டது. மிச்சமிருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். தனிச் சாப்பாடு, மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம்.

வீரையன் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு, இதில் சீழால் போனது எவ்வளவு, தண்ணீரை நான் குறைத்ததால் போனது எவ்வளவு என்று கேட்டார்.

சீழ் மட்டுமே இவ்வளவும் செய்யக்கூடியது என்றார் ஹமீதா பானு.

"செய்யக்கூடியதுதான். செஞ்சுச்சா?"

"அதைப் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க ஐயா. எந்தப் பரிசோதனையிலயும் தெரியாது. எனக்கும் தெரியாது, பரணி சாருக்கும் தெரியாது."

அவர் தலையை ஆட்டினார். வாழ்நாள் முழுவதும் ஓடும் நீரைக் கண்ணாலேயே அளந்த மனிதருக்கு, அளக்கவே முடியாத ஒன்று கையில் கொடுக்கப்பட்டிருந்தது. அவர் என்ன செய்வார் என்று நான் காத்திருந்தேன். ஆறுதலாக ஏதாவது ஒரு பங்கைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் பாதி என்று வைத்துக்கொண்டிருப்பேன்.

"தெரியலன்னா தெரியாமயே இருக்கட்டும்மா" என்றார். "நான் கொறச்சுச் சொல்லிக்க மாட்டேன்."

மேசையின் மேல் முருட்டி சலித்துப்போய், குதிப்பதற்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹமீதா பானு மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, இந்த மாதிரி நிலையில் சில நாய்கள் எத்தனை வருஷம் இருக்கும் என்றால் என்று ஆரம்பித்தார். வீரையன் கையை லேசாகத் தூக்கி நிறுத்தினார்.

"வருசக் கணக்கு வேண்டாம்மா. மாசத்துக்கு எவ்வளவு ஆகும்னு மட்டும் சொல்லுங்க."

ஹமீதா பானு சொன்னார். முன்பு போட்டுவந்ததைப் போல நாலு மடங்குக்கு மேல். வீரையன் அந்தத் தொகையை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஆகட்டும் என்றார். பிறகு தையல் பக்கம் கை படாமல் அவளை இரண்டு கைகளிலும் ஏந்தித் தரையில் இறக்கி விட்டார். அவள் உடலை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, எங்களுக்கு முன்னால் வாசலுக்குப் போனாள்.